பதுளைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

டேனிஷ் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் எங்களை ஹிம்மல்பியர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெயருக்கு வானமலை என்று பொருள். உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினேன். முதியோர் இல்ல வேலை முடிந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் கிடந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உதோ மலை? உதில தேயிலை நட்டால் செடிக்கே வெக்கம் வரும்."

வேறொரு நாட்டின் மலை மாவட்டங்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் பேசவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தெரிந்த ஒரே மலை கீரிமலை, அதுவும் கடற்கரை. அம்மாதான் எழும்பி மேசைக்கு வந்தார்.

கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை என்று எல்லைகளை ஒரு பெரிய மட்டையில், எதையும் பார்க்காமலே கீறினார். முதலில் கோப்பித் தோட்டம், கோப்பியை நோய் தின்ற பிறகு தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து காட்டுக்குள்ளால் நடத்திக் கொண்டுவரப்பட்ட சனம். சுதந்திரம் கிடைத்த கையோடு அவர்களுடைய பிரஜாவுரிமை பறிபோனது. கலவரங்களுக்குப் பயந்து பலர் வன்னிக்கு, கிளிநொச்சிப் பக்கம், ஓடினார்கள். பட்டிப்பொலைக்கு அங்கால் ஒரு சுரங்கமாம். ரயில் நுழையும்போது மழை பெய்யும், வெளியே வந்தால் வெயில் எறிக்குமாம். அவ்வளவு களைத்த மனிசிக்கு எங்கிருந்துதான் அத்தனை கதை வந்ததோ! கடைசியில் பதுளைக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளி ஒன்றை வைத்து, "நான் பிறந்த லயம் இதிலதான்" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் ஒற்றைக்கூரை வரிசை அறைகள். அந்தப் புள்ளியை அழிக்கப் போன அம்மாவிடமிருந்து மட்டையைப் பறித்து, சிவப்பு மையால் அதைத் தடிப்பாக்கினேன்.

"உது பள்ளிக்கூடத்துக்கு மட்டும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை கோல்டிங்கில் மாமி வீட்டில் பிறந்தநாள். மாமி அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் கேக் வெட்டியதும் பிள்ளைகளை நடுவில் நிறுத்தி ஏதாவது செய்யச் சொல்வார்கள். ஒன்று தேவாரம் பாடியது, ஒன்று பரதம் ஆடியது. எனக்கு இரண்டும் வராது. ஒளித்துக் கொண்டுவந்திருந்த மட்டையைக் காரிலிருந்து எடுத்துவந்து, மலை மாவட்டங்களை, அந்தச் சுரங்கத்தையும் விடாமல், தமிழில் சொன்னேன்.

"அட, வடிவாச் சொல்லுறாளே! உந்தச் சிவப்புப் புள்ளி என்ன குஞ்சு?" என்றார் மாமி.

"அம்மா பிறந்த லயம், மாமி."

மாமி அப்பாவைப் பார்த்தார். "தம்பி, உன்ர மனிசியின்ர ஆக்கள் கிளிநொச்சிக் காணிக்காரர் எண்டெல்லோ சொன்னனீ?"

"பிள்ளை என்னவோ பிழையா விளங்கியிருக்கிறாள், அக்கா." அப்பா கேக் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவள் சரியாத்தான் சொல்லுறாள் மச்சாள்" என்றார் அம்மா. "என்ர அம்மா அங்க கொழுந்து பறிச்சவ. கிளிநொச்சிக்குப் பிறகுதான் வந்தனாங்கள்."

"எங்கட வீட்டு வளவு கூட்டினதும் அந்தச் சனம்தான்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, மாமி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். காலையிலிருந்து அந்தக் குசினியில் நின்று ரோல்ஸ் பொரித்தது அம்மா. அவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் சாப்பிடாமலே புறப்பட்டோம். அதற்குப் பிறகு மாமி வீட்டுக்கு அப்பா மட்டும்தான் போய்வந்தார்.

எனக்கோ பொல்லாத கோபம். தேவாரத்துக்குக் கைதட்டினார்கள், பரதத்துக்குக் கைதட்டினார்கள், எனக்கு ஒருவரும் தட்டவில்லை. என் தமிழ்தான் பிழையாகிப்போயிற்று, அதில்தான் எல்லோருக்கும் வெட்கம் என்று நினைத்தேன்.

காரை அப்பா ஓட்டினார். வழமையாக முன்னால் இருக்கும் அம்மா, அன்றைக்குப் பின்னால் என்னோடு ஏறியிருந்தார். வெயில என்ற ஊரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னனீ எல்லோ, அதை இன்னொருக்காச் சொல்லு."

ஏலாது என்று டேனிஷில் சொன்னேன்.

"பதுளை மட்டும் எண்டாலும் சொல்லன், பிள்ளை."

அதற்கும் டேனிஷில்தான் மாட்டேன் என்றேன். அம்மா மூன்றாம் தரம் கேட்கவில்லை. பிறந்த ஊரை ஒரு பிள்ளையின் வாயால் கேட்க ஒரு மனிசி என்னிடம் கெஞ்சியிருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் யன்னல் பக்கம் திரும்பி, ஹொல்ஸ்டெப்ரோ வரும்வரை வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.