வேட்டைக் குடிலின் வாசல்

எண்பதுகளின் கடைசியில், லண்டனுக்குத் தெற்கே ஒரு காட்டில் பாழடைந்து கிடந்த வேட்டைக் குடில்களைத் திருத்தும் வேலை கிடைத்தது. பக்கத்தில் நாட்கணக்கில் நடந்து போகும் நீண்ட பாதை ஒன்று. நடப்பவர்கள் தங்குவதற்குத்தான் குடில்கள். லண்டன் லூயிஷாமிலிருந்து அண்ணையும் நானும் சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போவோம். உடைந்த யன்னலால் பனிமூட்டம் உள்ளே வரும். சுவரில் தொங்கும் மான்கொம்பு எது, வெளியே நிற்கும் மரக்கிளை எது என்று தெரியாது.

முதல் நாளே அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே தரையெல்லாம் துருப்பிடித்த ஆணி.

"அண்ணை, உங்களுக்கு விசரே? ஆணி ஏறப்போகுது."

"ஆக்கள் படுத்தெழும்பிற இடம். சப்பாத்தோட போக ஏலாது."

எரிச்சலோடு நானும் கழற்றினேன். பாதையால் வந்த வெள்ளைக்காரர் சிலர் எங்கள் சப்பாத்துகளைக் கண்டு, தங்களுடையதையும் பக்கத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் மெல்ல உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறுகளில் ஒருநாள் அதே பாதையில் நானும் நடந்து போனேன். பனிக்குள் நாங்கள் திருத்திய குடில் மிதந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர் தங்கும் இடம்தானே என்று, சேற்றுச் சப்பாத்தோடு நேரே உள்ளே போய்விட்டேன். கணப்பைச் சுற்றி வெறுங்காலோடு இருந்த அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள்.