பூட்டிய வீட்டின் முன் நின்ற வரிசை

சொல்யூசன் வாசனையை அறியாதவர்களுக்கு அதை விளக்குவது கடினம். பெட்ரோலும் பழுத்த வாழைப்பழமும் கலந்தது போல மூக்கில் ஏறி, லேசாகத் தலையைச் சுற்ற வைத்து, எண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் விரலிடுக்கை விட்டுப் போகாத வாசனை அது. தோலோடு தோலை ஒட்டுகிற அந்தப் பசை, மாதனூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் உப்பு, மிளகாயைப் போல எல்லார் வீட்டிலும் இருந்தது. முந்தைய நாள் யார் பள்ளிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை எங்கள் விமலா டீச்சர் அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். "கைய நீட்டு" என்பார். குனிந்து முகர்ந்து பார்ப்பார். "காய்ச்சல்னு சொன்ன, காய்ச்சலுக்கு சொல்யூசன் வாசன அடிக்குதே" என்பார். வகுப்பு சிரிக்கும், மாட்டிக்கொண்டவளும் சேர்ந்து சிரிப்பாள், டீச்சர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. விமலா டீச்சர்தான் தலைமை ஆசிரியை, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் வகுப்பாசிரியையும் அவரே. பிள்ளைகள் வராததற்கான காரணங்களை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஷூ கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருங்கினால், ஷூவின் மேல்பாகமான "அப்பர்" மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு வரும், அதை ஒட்டித் தைக்கக் கை ஜாஸ்தி வேண்டும் என்பது ஒன்று. ஆம்பூர்ச் சந்தை, சோளிங்கர் மலைக்கு வேண்டுதல், யாருக்காவது காது குத்தல் என்பவை அடுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, விடிந்ததும் வரும் கம்பெனி பஸ்ஸில் அம்மாக்கள் ஏறிப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பது. சத்துணவில் முட்டை போடும் நாளில் மட்டும் பள்ளி நிறைந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

விமலா டீச்சர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் தெருக் கோடியில் இருக்கும் வீட்டிலிருந்து பிள்ளைகள் வரிசையாகக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பிள்ளை வந்து வரிசையில் சேரும் வரை ஒருவரும் நகரக் கூடாது. இவ்வளவுதான் விதி. நாங்கள் அதை "வரிசை" என்று மட்டுமே சொல்வோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் யூனிபார்ம் போட்டு, தட்டும் பையுமாக வாசலை அடைத்து நின்றால், காலை நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால், எந்த அம்மாவும் எந்த அப்பாவும் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்கள்? முகத்தைக் கழுவக்கூட விடாமல் பிள்ளையை வெளியே தள்ளிவிடுவார்கள். அடியும் இல்லை, அபராதமும் இல்லை, பரிசும் இல்லை. அந்த வருடம் எங்கள் பள்ளியில் உட்கார இடம் பற்றவில்லை.

வரிசைக்குத் தலைவி நசீமா. ஐந்தாவது படித்தாள், நல்ல உயரம், குரல் நெடுஞ்சாலை வரை கேட்கும். வீட்டில் உருது பேசுவாள், தெருவில் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவாள். "ஏய், உன்னால எல்லாரும் பேஜாராவறோம், தட்ட எடுத்துனு வா, நடந்துனே சோறு துன்னலாம்" என்று அவள் சொன்னால் தெருவே சிரிக்கும். நான் வரிசையின் நடுவில் வருவேன். எங்கள் வீட்டிலும் அம்மா கம்பெனிக்குத்தான் போனார், ஆனால் அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தார், தம்பியை அத்தை பார்த்துக்கொண்டார். பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர். எனக்கும் யமுனாவுக்கும் இருந்த வித்தியாசம் அது மட்டும்தான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று.

யமுனா என் வகுப்பு, நாலாவது. பெருக்கல் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லக் கூடியவள். அவள் அம்மா அலமேலு கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்த்தார். சாயங்காலம் வரும்போது, பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஒரு மூட்டை அப்பரும் கொண்டுவருவார். அப்பா பெங்களூர்ப் பக்கம் லோடு ஏற்றும் வேலைக்குப் போனவர், பண்டிகைக்கு வருவார், சில பண்டிகைக்கு வரமாட்டார். தம்பி சின்னு தவழ ஆரம்பித்திருந்தான். பால்வாடி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, நடக்காத குழந்தையை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி கொஞ்ச நாள் சின்னுவைப் பார்த்துக்கொண்டார், அவர் மகன் வேலூருக்கு அழைத்துப் போனதோடு அதுவும் நின்றது. ஆனாலும் வரிசை போய் நின்றால் யமுனா வந்துவிடுவாள். சின்னுவை யார் வீட்டிலாவது விட்டுவிட்டு, மத்தியானம் மணி அடித்ததும் ஓடிப் போய்ப் பார்த்து வருவாள்.

ஷிப்மெண்ட் நெருங்கிய ஒரு வாரத்தில் அவள் வீட்டுக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. பூட்டிய வீட்டில் வரிசை நிற்காது, ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நடந்துவிடுவோம். இரண்டு மூன்று நாள் அப்படித்தான் நடந்தோம். பிறகு ஒரு காலையில் நசீமா நின்றாள். உள்ளே டொக் டொக்கென்று சத்தம். தோலின் ஓரத்தை மடித்து ஒட்டியபின் அது படிய வேண்டும் என்று சின்னச் சுத்தியால் தட்டுகிற சத்தம். எங்கள் ஊரில் அது தெரியாத குழந்தை இல்லை.

"பூட்டு வெளிய, சத்தம் உள்ள" என்றாள் நசீமா. "பேய்ங்ககூட பீஸ் ரேட்டுக்கு வந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தோம். சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் மிக அருகில் யமுனாவின் குரல் கேட்டது.

"போய்டுங்கடி. சின்னு இப்பதான் தூங்கனான். சாவி அம்மாகிட்ட இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. நசீமா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்தாள். விதி விதிதானே, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை வராமல் வரிசை நகரக் கூடாது. நாங்களும் உட்கார்ந்தோம். பிரேயருக்கு ஒரு தெருப் பிள்ளைகள் மொத்தமும் வரவில்லை என்று டீச்சர் தேடி வந்தபோது, வெயில் ஏறி, நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து யமுனாவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கதவருகே போய் மெதுவாக ஏதோ கேட்டார். தண்ணீர் இருக்கிறதா, சோறு இருக்கிறதா, சொல்யூசன் டப்பாவை மூடி வைத்திருக்கிறாயா என்று கேட்டதாகப் பிறகு யமுனா சொன்னாள். எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எதிர் வீட்டுக்காரரிடம் அந்த வீட்டின் மேல் ஒரு காது வைத்திருக்கச் சொன்னார். சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் புளியமரத்தடியில் அது வரும் வரை நின்றார். நாங்களும் தூரத்தில் நின்றோம்.

அலமேலு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டீச்சரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் உரக்கப் பேசவில்லை. தீப்பிடித்தால் என்ன செய்வாள், குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வாள் என்று கேட்டார். அலமேலுவும் உரக்கப் பேசவில்லை.

"நான் மட்டும் ஆசப்பட்டா பூட்டினேன், டீச்சர்? தெனம் வாசல்ல பசங்கள நிக்க வெச்சி மானத்த வாங்கறீங்க. இவள அனுப்பிச்சா சின்னுவ யாரு பாப்பா? நான் போனப்புறம் பசங்க கூப்ட்டா இவ நிக்க மாட்டா. அதான் பூட்டு போட்டேன்."

டீச்சர் எங்கள் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தான் கண்டுபிடித்த வரிசைதான் இந்தப் பூட்டைக் கொண்டுவந்தது என்பது அந்த மரத்தடியில்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சரி" என்றார் கடைசியில். "நாளைலேந்து கொழந்தையயும் சேத்து அனுப்பு."

அதற்குப் பிறகு வந்த கொஞ்ச காலம்தான் எங்கள் வகுப்பின் நல்ல காலம். யமுனா சின்னுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். வகுப்பின் மூலையில் கோணியை விரித்து அவனை விட்டோம். ஜன்னல் கம்பியில் டீச்சரின் பழைய புடவையில் தூளி கட்டினோம். செய்தி பரவி, வராமலே இருந்த இன்னும் சில பெண் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். டீச்சர் ஒரு கையில் சாக்பீஸும் ஒரு தோளில் யார் வீட்டுக் குழந்தையோ ஒன்றுமாகப் பின்னக் கணக்கு நடத்துவார். சத்துணவு ஆயா தனியாகச் சோற்றைக் குழைத்துக் கொடுப்பார். சின்னு யமுனாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தது எங்கள் கரும்பலகைக்குக் கீழேதான்.

ஒரு நாள் அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாய்ப்பாடு கேட்டார், யமுனா சொன்னதும் பாராட்டினார். அப்போது ஒரு குழந்தை சாக்பீஸை வாயில் போட்டுக்கொண்டு இருமியது, டீச்சர் ஓடிப் போய் விரலை விட்டு எடுத்தார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

"இது ஸ்கூலா டீச்சர்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?"

டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெண் பிள்ளைகள், வருகை என்ற வார்த்தைகள் எங்கள் காதில் விழுந்தன. அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆனாலும் மறுநாள் முதல் குழந்தைகள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தூளியை அவிழ்க்க டீச்சர் எங்களிடம் சொல்லவில்லை, அவரே அவிழ்த்தார்.

மறுநாள் யமுனா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் வாசற்படியில் சின்னுவோடு உட்கார்ந்திருந்தாள். நசீமா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "நீங்க நடங்கடி" என்றாள் யமுனா. நசீமா நடக்கவில்லை. நாங்களும் நடக்கவில்லை. வெயில் ஏறியபோது டீச்சர் அன்றும் தேடி வந்தார். யமுனாவின் தலையில் கை வைத்தார், சின்னுவின் கன்னத்தைத் தொட்டார், பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்ல இனிமே நிக்காதீங்க" என்றார்.

அதோடு யமுனாவின் படிப்பு நின்றது. அவளைப் போலவே குழந்தைகளை அழைத்து வந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒரு வாசலைத் தாண்டிப் போகலாம் என்று ஆனபின், வரிசையைக் கண்டு யாரும் பயப்படவில்லை. நாங்கள் ஐந்தாவதுக்கு வந்தபோது வரிசை என்று ஒன்று இல்லை.

நான் படித்தேன். புரடக்‌ஷன் இன்ஜினியரிங் முடித்து, ஆம்பூர் அருகே ஒரு ஷூ தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை; வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மஞ்சள் வேன்கள் வீட்டுக்கு வீடு வந்து ஏற்றிக்கொண்டு போகின்றன. விமலா டீச்சர் ஓய்வு பெற்று மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நசீமா திருமணமாகி வாணியம்பாடியில் இருக்கிறாள்.

யமுனா எங்கள் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள், தையல் ஹாலில்; குடியிருப்பது இன்றும் அந்த அம்மா வீட்டில்தான். ஆட்கள் திடீர் திடீரென்று வராமல் போவதால் லைன் நின்றுவிடுகிறது என்று, ஒழுங்காக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் ஒன்றை எங்கள் பிரிவு கொண்டுவந்தது. விதிகளை எழுதியது நான்தான்: முன்னறிவிப்பு இல்லாத விடுப்பு கூடாது, மாதக் கடைசியில் விடுப்பு கூடாது, அரை நாளும் விடுப்புதான். முதல் பரிசு யமுனாவுக்கு. கேண்டீனில் எல்லார் முன்னாலும் ஹாட்பாக்ஸ் கொடுத்தோம், கை தட்டினோம், அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்தபின் அவள் சின்ன மகளுக்கு டைபாய்டு என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல. எழுந்து உக்கார்றா."

"கூட யாரு இருக்காங்க?"

"பெரியவ இருக்கறா இல்ல."

பெரியவள் நாலாவது படிக்கிறாள். அவளே மேலும் சொன்னாள்.

"நான் லீவு போட்டிருந்தா இந்தப் பரிசு போயிருக்கும், இல்ல? அவளுக்கு இன்னா, ஸ்கூலு தானே."

பஸ் ஹாரன் அடித்தது. ஹாட்பாக்ஸை அணைத்துக்கொண்டு மற்றவர்களோடு ஓடி ஏறினாள். எங்கள் பழைய தெருவில் அவள் பெரிய மகள் இரண்டு வாரமாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே இப்போது யாரும் வருவதில்லை.