ஆடிக் கிருத்திகையில் என் மகனுக்கு வந்த பால்

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் தமிழரசி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வழிபாட்டில் இரட்டைப் பிள்ளைகளோடு கடைசியில் உட்கார்ந்து, தீபாராதனைக்கு முன்பே எழுந்து ஓடுகிறாளே ஒருத்தி, அவள்தான் நான். நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று பல வாரமாக ஆசை. இவர்கள் இரண்டு பேரும் விட்டால்தானே! அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

போன ஆடி மாதம் நான் கிருஷ்ணகிரியில் அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பிள்ளைகள் பிறந்துவிட்டன. பால் மட்டும் வரவில்லை. ஒரு சொட்டு இல்லை.

கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து உண்டான கர்ப்பம் அது. ஸ்கேனில் இரண்டு என்றார்கள். என் வீட்டுக்காரர் முத்துராஜ் கம்பெனிக்குப் போய் லைனில் கூட வேலை பார்த்த எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு வந்தார். நானும் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி வேலைதான் பார்த்தேன். எட்டாம் மாதம் தொடங்கியதும் முகமும் காலும் வீங்கின. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஆம்புலன்சில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே ஆபரேஷன். முதலில் மகள், அடுத்து மகன். எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. இருவரையும் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சின்னவன் ஒன்றரைக் கிலோகூட இல்லை. என் உள்ளங்கை அவனுக்குப் பாயாகும் போலிருந்தது.

“தாய்ப்பால் ஒரு ஸ்பூன் வந்தாலும் கொண்டு வாங்கம்மா” என்றார் டாக்டரம்மா. நர்ஸ் சிஸ்டர் பீய்ச்சிப் பார்த்தார். மிஷின் வைத்துப் பார்த்தார். வலிதான் வந்தது. “குறைமாசம், அதோட ரத்தமும் போயிருக்கு. சில பேருக்கு லேட்டாத்தான் வரும். விடாம எடுத்துக்கிட்டே இருங்க” என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். என் காதில் ஏறவில்லை. சுற்றிலும் எல்லாக் கட்டிலிலும் பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாதென்று போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். நானும் ஒரு தாயா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பசிக்கு வேறு வழியில்லை. டாக்டரம்மா சொன்னபடி பவுடர் பால் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரியவள் சமர்த்தாகக் குடித்தாள். சின்னவனுக்குச் சேரவில்லை. அவனுடைய வயிறு உப்பியது. பச்சையாக வாந்தி எடுத்தான். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஊசி நுழைய இடமில்லாத அந்தக் கையில் டிரிப் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை டாக்டரம்மா என் கட்டிலுக்கே வந்தார். “குடல் இன்னும் பக்குவப்படலை. ரெண்டு நாள் வயித்துக்கு ரெஸ்ட் குடுப்போம். அப்புறம் தாய்ப்பால்தான் தரணும். உங்க பால் வரலைன்னா வேற தாயோட பாலாவது வேணும். தாய்ப்பால் வங்கியில கேட்டேன். இருந்ததெல்லாம் நேத்தே தீர்ந்துடுச்சாம். யாராவது குடுக்கணும்” என்றார்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. உங்களுக்குத் தெரியாததில்லை. குழந்தை முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்களுக்கு உரிய நாள். வருடா வருடம் என் வீட்டுக்காரர் காவடி எடுக்கும் நாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே சாலையில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பம்பைச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. “அரோகரா” என்று யாரோ பெருங்குரலில் கூப்பிட்டார்கள்.

எழுந்து உட்காரக்கூட முடியாமல் ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்தேன். வாய்விட்டே பேசினேன்.

“முருகா, உன்னப் பெத்தவளா உனக்குப் பாலு குடுத்தா? ஊர் பேர் தெரியாத பொம்பளைங்கதானே வந்து குடுத்தாங்க? அவங்க மடியில கெடந்துதானே நீ வளர்ந்த? என் புள்ளைக்கு மட்டும் யாரும் இல்லையா? எனக்குப் பாலு வரலைன்னாலும் பரவாயில்ல. யாரையாவது அனுப்பு சாமி.”

விசும்பி விசும்பி அழுதேன்.

அடுத்த கட்டிலில் நாகமணி என்று ஒரு பெண். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நல்ல கொழுகொழுவென்று ஆண் குழந்தை. பால் கட்டிக்கொண்டு, வலி தாங்காமல் சிஸ்டரைத் திட்டிக்கொண்டே இருப்பாள். நான் பேசியது முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள்.

“ஏம்மா, இந்த அழுவ அழுவுற? அழுதா கண்ணுல தண்ணிதான் வரும், பாலா வரும்?” என்றாள். “எனக்குப் பாலு அணை தொறந்த மாதிரி ஓடுது. பொடவையெல்லாம் நனையுது. உன் புள்ளைய இட்டுக்கினு வா, நான் குடுக்குறேன்.”

சிஸ்டர் ஓடி வந்தார். “அப்படியெல்லாம் நேரா குடுக்கக் கூடாது. வங்கிக்கு வந்து குடுங்க. சூடு பண்ணி, டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் குழந்தைக்குத் தருவோம். ஆனா நீங்க ஒருத்தர் குடுத்தா பத்தாது. இவன மாதிரி இன்னும் குழந்தைங்க காத்திருக்கு.”

“பத்தாதா?” என்றாள் நாகமணி. கட்டிலைப் பிடித்து இறங்கினாள். வார்டின் நடுவில் போய் நின்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டில் கூவுவது போல ஒரு குரல் எழுப்பினாளே! தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை.

“இந்தாம்மா, எல்லாரும் கேளுங்க! இங்க ஒரு பையன் பாலு இல்லாம கெடக்குறான். இன்னிக்கு ஆடிக் கிருத்திக. யாருக்குப் பாலு மிச்சம் இருக்குதோ, எழுந்து வாங்க!”

ஒரு கட்டில் கிரீச்சிட்டது. ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய மாமியார், “நீ எங்கடி போற, படு” என்றார். “ஒரு வாய்ப் பாலு தானே அத்த, வந்துடுறேன்” என்று அவள் நடந்தாள். அந்தப் பக்கம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இன்னொருத்தி. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், தன் குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தாள். ஆபரேஷன் தையலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வங்கி அறையை நோக்கிப் போனார்கள். முன்னால் நாகமணி.

எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ண முடியாதபடி கண்ணீர் மறைத்தது. வார்டு வாசலில் நின்று பார்த்த என் வீட்டுக்காரர் ஆறு பேர் என்று சத்தியம் செய்கிறார். அதற்கு மேலேயே இருக்கும் என்கிறார் என் மாமியார். இன்றைக்கு வரை வீட்டில் அந்த வழக்கு தீரவில்லை. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நான் கேட்டேன், அவன் அனுப்பினான். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் சின்னவனின் வயிறு வற்றியது. அதற்குள் பாலும் தயாராகிவிட்டது. குழாய் வழியாகச் சில துளிகள் கொடுத்தார்கள். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். வாந்தி எடுக்கவில்லை. அடுத்த வேளையும் எடுக்கவில்லை. அவன் சப்புக்கொட்டினான்! டாக்டரம்மா, “பையன் ருசி கண்டுட்டான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சில நாளில், “இனி நீங்க நெஞ்சோட வெச்சுக்கலாம்” என்று சின்னவனைத் தூக்கி என் மார்பின் மேல் படுக்க வைத்து, துணியால் கட்டினார் சிஸ்டர். பூனைக்குட்டி போலச் சுருண்டு படுத்தான். அவனுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட் ஈரமாவது போல இருந்தது. பையன் மூத்திரம் போய்விட்டான் என்று நினைத்து சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கை தட்டினார்.

“மூத்திரமா? நல்லாப் பாருங்கம்மா, பாலு!”

வார்டில் கட்டிலில் இருந்த நாகமணிக்குச் செய்தி போனது. அவள் வீட்டிலிருந்து வந்த நீலம் மாம்பழத்தை வார்டு முழுக்கப் பங்கு வைத்தாள். எங்கள் பெயரைச் சொல்லி!

இத்தோடு சாட்சியை முடித்திருக்கலாம். ஆனால் முருகன் எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

பிள்ளைகளோடு ஓசூருக்கு வந்தோம். பிரசவத்துக்கே கோவில்பட்டியிலிருந்து வந்துவிட்ட என் மாமியாரும் உதவிக்கு எங்களோடு இருந்தார். முருகனே பால் கொடுத்துவிட்டான், இனி பவுடர் டப்பா நம் வாசல்படி ஏறக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். டப்பா வாங்கினால் அவன் மேல் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு எண்ணம். மாமியாரும், “தாய்ப்பால் இருக்கும்போது அந்த மாவு எதுக்கு?” என்றார். இரண்டு பேருக்கும் நானே மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சின்னவன் விடாமல் குடிப்பான். பெரியவள் கொஞ்சம் குடித்ததும் தூங்கிவிடுவாள். அழவே மாட்டாள். தங்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு எடை பார்க்கப் போனபோது அந்தத் தங்கம் ஏறவே இல்லை. இறங்கியிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

டாக்டரம்மா அவளைக் கையில் ஏந்திப் பார்த்தார். “இவ சமத்தா தூங்கலைம்மா. பசியில சோர்ந்து கெடக்கா. உங்க பால் ரெண்டு பேருக்கும் முழுசாப் பத்தலை. தாய்ப்பால நிறுத்தாதீங்க. அது குடுத்து முடிச்சதும், பத்தாததுக்கு ஃபார்முலா சேர்த்துக் குடுங்க. சின்னவன் குடல் இப்ப தேறிடுச்சு. தேவைன்னா அவனுக்கும் குடுக்கலாம். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். “நீதானே குடுத்த முருகா, ஏன் பாதியில நிறுத்துன?” என்று கேட்டு அழுதேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏட்டி, எதுக்கு இப்படி அழுத? நான் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. உம் புருசன நான் எம் பாலு குடுத்தா வளத்தேன்னு நெனைக்க? எனக்கு ஒரு சொட்டு வரல. அடுத்த வீட்டு வெள்ளாட்டுப் பாலுதான் குடுத்தேன். அதுவும் யாருக்கும் தெரியாம, மறைச்சு மறைச்சு.”

அழுகை நின்றுவிட்டது. “ஏன் அத்தை, இவ்வளவு நாளா சொல்லவே இல்ல?”

“எப்படிட்டி சொல்ல? ஊருல என்ன பேசுவாவளோன்னு பயம். அவென் பொறந்ததுலருந்து இந்த நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தேன். டாக்டரு உங்கிட்ட வெக்கப்படாதன்னு சொன்னாவள்லா, அது எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு.” அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது.

ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். “யம்மா, நான் ஆட்டுப் பால் குடிச்சா வளர்ந்தேன்?”

“ஆமாடா. அதாம்லா மலையேறும்போது எல்லாத்துக்கும் முன்னாடி துள்ளிக்கிட்டு ஓடுத!”

சிரித்தோம். அவர் சிரித்தார், நான் சிரித்தேன், தையல் போட்ட இடம் விண்ணென்று இழுத்தும் நிறுத்த முடியவில்லை. பெரியவள் விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். மாமியார்தான் முதலில் எழுந்தார். “சரி, சிரிச்சது போதும். ஆட்டுப் பாலெல்லாம் அந்தக் காலத்தோட போச்சு. டாக்டரு எழுதுன டப்பாவ வாங்கிட்டு வாடா. புள்ள பசியோட இருக்கா.”

அவர் மருந்துக் கடைக்கு ஓடினார். மாமியார் தண்ணீரைக் கொதிக்க வைத்து, டப்பாவில் போட்டிருந்த அளவுப்படியே கலக்கி, ஆறவைத்து, சங்கில் எடுத்து வந்தார். பெரியவள் முதலில் என்னிடம் குடித்தாள். பிறகு பாட்டி மடியில் சங்கிலிருந்து குடித்தாள். வயிறு நிறைந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? வாயைத் திறந்து வீடே அதிர அழுதாள். எங்களிடம் வந்த பிறகு அவள் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அழத் தெம்பு வந்துவிட்டது என்று நாங்கள் கைகொட்டினோம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முருகன் பாதியில் நிறுத்தவில்லை. ஒரு தடவை வார்டுப் பெண்கள் கையால் கொடுத்தான். ஒரு தடவை என் மார்பிலேயே சுரக்க வைத்தான். இன்னொரு தடவை மருந்துக் கடை வழியாக அனுப்பினான். எல்லாம் அவன் கொடுத்ததே. பிள்ளைகளின் பசி ஆற வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். ஆற்றினான்.

இப்போது பெரியவள் கார்த்திகாவும் சின்னவன் குமரனும் தவழ்ந்து வீட்டையே கவிழ்க்கிறார்கள். பருப்புச் சாதம் சாப்பிடுகிறார்கள். மேலும் கேட்கிறார்கள். நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் யாரிடமும் உதவி கேட்கக் கூச்சம். இப்போது எங்கள் தெருவில், கம்பெனியில், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நிற்கிறேன். ஒரு புதுத் தாய் கண் கலங்கி உட்கார்ந்திருந்தால், “பாலு வருதா, பத்துதா?” என்று சத்தமில்லாமல் கேட்கிறேன். வராவிட்டால் நர்சிடம் கூட்டிப் போகிறேன். டப்பா தேவைப்பட்டால் அதை ஒளித்து வைக்காதே என்கிறேன். நன்றாகச் சுரக்கிறவளாக இருந்தால் வங்கிக்கும் கொஞ்சம் கொடேன் என்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கொடுத்துவிட்டு வந்து, “அக்கா, மனசே லேசாயிடுச்சு” என்றாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு குறை இருக்கும். வெட்கப்படாமல் முருகனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் இந்தக் கையால்தான் தர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். யார் வந்து கதவைத் தட்டினாலும் திறந்து வையுங்கள்.