திங்கட்கிழமைக் கையெழுத்து

செல்வின் விழுந்தபோது நான் லொறிக்குள் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரசபையின் பார்க்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதச் சொன்னார்கள். என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் றக்பி லீக் போட்டி தொடங்கி இரண்டாவது சீசன். மொத்தம் நான்கே கிளப்புகள். பார்வையாளர் என்று வருவது விளையாடுகிறவர்களின் மனைவிமாரும் இரண்டு நாய்களும்தான். நான் பார்க்ஸில் சீசனல் ஆள். பனி விழுந்தால் வேலை இல்லை. பேர்மனன்ட் ஆக வேண்டும், நிரந்தர வேலை வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. பார்க்டேலில் ஒற்றை அறை வீடு, இரண்டு பிள்ளைகள்.

லீக்காரருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சொக்கர் மைதானம், கால்பந்துக்கு என்று போட்டது. றக்பி லீக்குக்குப் பத்து மீற்றருக்கு ஒரு குறுக்குக் கோடு அடிக்க வேண்டும். கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் இடம் வேண்டும். பந்தோடு போய் அங்கே விழுந்தால்தான் புள்ளி. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் செல்வின். கொழும்பில் பள்ளிக்கூடத்தில் றக்பி விளையாடியவன், இங்கே கூரை வேலை. அந்த லீக்கில் இருந்த ஒரே தமிழன். சனிக்கிழமைகளில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து, நான் கோடு அடிக்க நூலைப் பிடித்துவிடுவான்.

கம்பத்துக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில்தான் வில்லங்கம். சொக்கருக்கு அது வெளிப்புறம். அதனால் தண்ணீர் அடிக்கும் ஸ்பிறிங்ளர் தலைகளை அங்கே புதைத்திருந்தார்கள். தண்ணீர் நின்றதும் அவை மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். மணல் சிக்கினால் இறங்காது, இரும்புத் தலை புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மட்சுக்கு முன்னும் மைதானம் முழுவதும் நடந்து பார்த்து, இன்ஸ்பெக்‌ஷன் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது சட்டம்.

நாங்கள் காலையில் கூடி வேலைக்குக் கிளம்பும் யார்டில் நடந்தது வேறு. திங்கள் காலையில் எங்களை வேலை வாங்கும் போர்மன் ஏழு நாளுக்கான தாள்களையும் மேசையில் பரப்பி வைப்பார். கோப்பி குடித்தபடியே எல்லோரும் ஏழிலும் கையெழுத்து வைப்போம். வராத சனிக்கிழமையைத் திங்களிலேயே பார்த்து முடித்த கெட்டிக்காரர்கள் நாங்கள். கிழமை முழுவதும் தாளோடு அலைய வேண்டாம் என்பது போர்மனின் நியாயம். முதல் தடவை எனக்குக் கை கூசியது. மூன்றாம் கிழமை கூசவில்லை.

அன்று தூறல். கோடுகளை நேராக அடித்து முடித்தேன். இனி நடந்து பார்க்க வேண்டும். தாளில்தான் கையெழுத்து இருக்கிறதே என்று லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

இரண்டாம் பாதியில் செல்வின் பந்தோடு கோட்டைத் தாண்டிப் பாய்ந்தான். புள்ளி கிடைத்தது. முழங்கால் சில்லு ஸ்பிறிங்ளர் தலையில் அடித்து உடைந்தது. அவன் கத்தியது கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது. அம்புலன்ஸ் போன பிறகு அந்தத் தலையைச் சப்பாத்தால் அமத்திப் பார்த்தேன். மணல் நெரிபட்டுக் கீழே இறங்கியது. ஒரு நிமிட வேலை.

திங்களன்று போர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாளில் கையெழுத்து இருக்கிறபடியால் நான் நடந்து பார்த்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு மட்சுக்கு முன் ஓடி வோர்மப் செய்தவர்களின் சப்பாத்து ஆணிதான் தலையைப் பழுதாக்கியிருக்கும் என்று அறிக்கையில் தானே எழுதிவிட்டார். பேர்மனன்ட் லிஸ்ட் அடுத்த மாதம் வரும் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. நான் தலையாட்டினேன்.

அடுத்து வந்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வினின் கால் கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இனிக் கூரையில் ஏற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"அண்ணை, அண்டைக்குக் காலமை நீங்கள் நடந்து பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி. முழுக்க நடந்து பாத்தனான்."

"அப்ப எங்கட பொடியள்தான் மிதிச்சிருப்பாங்கள். உங்களைப் பிழை சொல்லிக்கொண்டு திரியிறாங்கள். நான் அவங்களோட கதைக்கிறன்."

கதைத்தும்விட்டான். அவன் சொல்லை நம்பி, அவனுடைய கிளப் எங்கள் அலுவலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. கவனயீனமான ஆட்கள் என்று சொல்லி, அந்தக் கடிதத்தையே காரணமாகக் காட்டி, அடுத்த சீசனுக்கு லீக்குக்கு மைதானம் இல்லை என்று அலுவலகம் பதில் போட்டது. எனக்குப் பேர்மனன்ட் கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே யார்டில்தான் இருந்தேன்.

நடக்காத மைதானத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, எல்லா யார்டிலும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. கையெழுத்தை என்னிடம் போர்மன் கேட்டார், அது யார்டின் பழக்கம். ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒருவரும் பொய் கேட்கவில்லை. அவன் உண்மையைத்தான் கேட்டான்.