கீப்பர் பெயரைச் சொன்னால்

போன வாரம் பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் மேகம் இறங்கி ரோடே காணாமல் போய்விட்டது. கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்தார். "வரலாம், வரலாம்... லெஃப்ட்ல பள்ளம்ணே, நில்லுங்க!" அந்தக் குரலை மட்டும் நம்பி பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியே ஈரப்புல் வாடை வந்ததும் எனக்கு எங்கள் காலேஜ் கிரவுண்டு ஞாபகம் வந்துவிட்டது.

நான் அங்கே ஃபுட்பால் டீமில் கோல்கீப்பர். பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். நின்றுகொண்டே பார்க்கிற வேலை அது ஒன்றுதான் இருந்தது.

கிரவுண்டின் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் பத்தடியில் பள்ளம். எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. வேலியும் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் மேகம் வந்தால் பந்தும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அதனால் பி.டி. மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். பிராக்டிஸில் பள்ளத்துப் பக்கம் நான் நிற்பேன். எவனாவது வேகத்தில் என்னைத் தாண்டிப் போனால் அவன் பெயரைக் கத்த வேண்டும். கேட்டவன் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். கிரவுண்டுக்குள் வேறு எதற்கும் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"கீப்பர் பேரச் சொன்னா சாமியே எதுக்க வந்து கூப்ட்டாலும் நிக்கணும்லே. யோசிக்கிற சோலியெல்லாம் அப்பறம்" என்பார்.

எங்கள் டீமின் உயிர் செல்வராசு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஒருநாள் மேகத்துக்குள் அவன் காலடிச் சத்தம் என்னைத் தாண்டிப் போனது. கத்தினேன். சத்தம் நின்றது. மேகம் விலகியபோது பள்ளத்துக்கு இரண்டடி முன்னால் சிலையாக நின்றிருந்தான். அவன் திரும்பிச் சிரித்தான்.

அந்த வருஷம் எல்லா மேட்சும் ஜெயித்தோம். ஃபைனல் கீழே திண்டுக்கல்லில். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறவர் வருகிறார் என்றார்கள். அதில் இடம் கிடைத்தால் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. செல்வராசுவுக்கு அது கடைசி வருஷம். மலையிறங்கும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"இது மட்டும் அமைஞ்சிருச்சுன்னா அம்மாவ லயத்துலருந்து கூட்டியாந்துருவேன்டா."

கண் கூசுகிற வெயிலில் ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிஷங்களில் நடுக்கோட்டில் பந்தை வாங்கினான் செல்வராசு. மூன்று பேரைத் தாண்டினான். எதிர் கீப்பரும் ஏமாந்து விழுந்துவிட்டான். முன்னால் வெறும் கோல். கிரவுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நானும் என் கோலை விட்டு நடுக்கோடு வரை ஓடி வந்திருந்தேன். அப்படி ஓர் அழகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் என்னை மறந்து கத்திவிட்டேன்.

"செல்வராசூ!"

நின்றுவிட்டான்.

அத்தனை வேகத்தில் வந்தவன் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டான். பந்து தனியாக உருண்டது. ஓடி வந்த எதிராளி அதை ஓங்கி உதைக்க, அது என் தலைக்கு மேலே பறந்துபோய், ஆளில்லாத என் கோலுக்குள் குதித்துக் குதித்துப் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். அவன்தான் என் தோளைத் தட்டினான்.

"நீ கூப்ட்ட, நின்னுட்டேன். நின்ன பெறகுதான் நெனச்சேன், இங்கன ஏது பள்ளம்னு."

யுனிவர்சிட்டி டீம் லிஸ்டில் அவன் பெயர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. கண்ணெதிரே கோலுக்குள் அம்மாவுக்கான புது வீடே இருந்தது. என் குரலைக் கேட்டதும் அதையும் விட்டுவிட்டு நின்றான். மனுஷன் இன்னொருத்தனை இவ்வளவு நம்ப முடியுமா என்று இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது. என் வீட்டில் நாலு தரம் கூப்பிட்டால்தான் ஒருத்தர் திரும்பிப் பார்க்கிறார்.

இப்போது காலேஜ் கிரவுண்டில் பள்ளத்துப் பக்கம் ஆளுயரக் கம்பிவேலி போட்டாயிற்று. பையன்கள் இஷ்டத்துக்குப் பெயர் சொல்லிக் கத்தி விளையாடுகிறார்கள், யாரும் நிற்பதில்லை. செல்வராசுவின் போன் நம்பர் யாரிடமோ வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. எங்கோ வேகமாகப் போய்க்கொண்டிருப்பான். என் குரலைக் கேட்டால் நின்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.