கோடு பொருந்தினால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்லப் போய் அசடு வழிந்தேன்.

மல்காஜ்கிரியில் எங்கள் மாடி போர்ஷனில் ராகவன், வசந்தா என்று ஓர் இளம் தம்பதி. நான் பொதுத்துறைக் கம்பெனியில் ரேடார் சோதிக்கிறவன். அவன் ஆராய்ச்சி மாணவன். விண்வெளியில் எங்கிருந்தோ காமா கதிர்கள் சில விநாடி குபீரென்று வெடித்து அடங்குகின்றனவாம். அவை எப்படி உண்டாகின்றன? அதுதான் அவன் தீசிஸ்.

கொதிக்கும் வாயுவில் ஓடும் எலெக்ட்ரான்கள், அணுக்கருவின் பக்கம் போகும்போது வேகம் குறைந்து கதிரை உமிழ்கின்றன – இது அவன் கட்சி. அந்தக் கணக்குப்படி கிராஃபில் கோடு போட்டான். அதுவரை அளந்த புள்ளிகள் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தத் தெம்பில் கல்யாணமும் செய்துகொண்டான்.

போன மாதம் வெளிநாட்டு சாட்டிலைட்டின் புது அளவுகள் வந்தன. சக்தி அதிகமுள்ள பக்கம் அவன் கோடு சரிந்து விழுகிறது. கதிர்களோ விழாமல் நீண்டுகொண்டே போகின்றன. காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள்தான் காரணமோ என்கிறார்கள். பழைய புள்ளிகளுக்கு அந்தக் கணக்கின் கோடும் பொருந்துகிறதாம்! கோடு பொருந்தினால் காரணமும் அதுதான் என்று யார் சொன்னது என்று கைடு கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து ராகவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஷேவ் செய்வதில்லை. வசந்தா யாரிடமும் பேசுவதில்லை. பாவம், தீசிஸ் போன துக்கம்... என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். அடுத்த வீட்டு அழுகைக்குக் காரணம் கண்டுபிடிக்க நமக்குத்தான் எத்தனை அவசரம்?

ஞாயிறன்று மேலே போனேன். ராகவன் கடைக்குப் போயிருந்தான். தீசிஸ் போனால் என்ன, எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்று வசந்தாவிடம் பெரிய மனுஷத் தோரணையில் ஆரம்பித்தேன்.

"தீசிஸ் போனாப் போகட்டும் சார்," என்றாள். "அதுக்கு உட்கார்ந்து அழறாரு. அதே வாரம் என் வயித்துல இருந்தது தங்காமப் போச்சு. அதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. புதன்கிழமை அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரதா இல்லை."

வந்த படியிலேயே இறங்கி வந்தேன்.

திங்கள் காலை பஸ் ஸ்டாப்பில் ராகவன். வேலைப் பேச்சை எடுத்தேன். நக்கோ சார், வேண்டாம் என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தீசிஸைத் திருத்தி எழுதிக்கொள்ளக் கைடு சம்மதித்துவிட்டாராம். பின்னே ஏன் இந்தக் கோலம் என்றேன்.

"குழந்தை போயிடுச்சே சார். அதுக்கு அழுதா அவ உடைஞ்சு போயிடுவா. அதான், தீசிஸ் பேரைச் சொல்லி அழுதுட்டிருக்கேன்."

அடப்பாவி! முதலில் இதை அவளிடம் போய்ச் சொல் என்று அங்கிருந்தே திருப்பி அனுப்பினேன்.

சொன்னானாம். போகவிடாமல் தடுக்கச் சொல்லும் கதை என்று அவள் நம்பவில்லை.

புதன்கிழமை அவள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றியதும் அவன்தான்.