உயிரோடிருக்கிறேன் என்று ஒரு கையெழுத்து

"ஏன்டி, இன்சூரன்ஸ் பத்திரத்துல புருசன் பேர வெட்டுறது எப்படின்னு கேக்குறியே, ஒன் தாலிக்கயித்துல இன்னும் மஞ்சளே வெளுக்கல! இதெல்லாம் எதுக்குடி ஒனக்கு?" என்று திட்டி, வழி கேட்டு வந்தவளை முதலில் விரட்டிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். கடை வைத்துப் பிழைக்கிற யாருக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன்.

பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே என் அப்பக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. காணி என் அப்பா வாங்கியது. காணிப் பத்திரமான உறுதியில் என் பெயர் மட்டும்தான். மூன்று அடுப்பு எரியும். மேலே மரச்சட்டம். ஒரு பொறி போதும். அதனால்தான் நெருப்புக்கு இன்சூரன்ஸ் எடுத்தேன். அப்பம் தின்ன வந்த ஏஜெண்டுதான் படிவம் எழுதினார். "ஆம்பள பேரு முன்னால இருந்தாத்தான் இன்சூரன்ஸ் கந்தோர்ல மதிப்பாங்க" என்று என் புருசன் செல்லையாவை முதலில் எழுதினார், என்னை இரண்டாவதாக. மாவு அரைப்பது நான், புகை தின்பது நான், முதலிடம் அவனுக்கு!

பிறகு செல்லையா மொனராகலையில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். பதுளைக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினேன். தீர்ப்பு வந்த அன்றே தாலியை அறுத்து, துணியில் முடிந்து, பஸ் கண்டக்டர் கையில் அவனுக்கே கொடுத்தனுப்பினேன். இன்சூரன்ஸ் பத்திரத்தில் மட்டும் அவன் இன்னும் வீட்டுக்காரன். கடை எரிந்தால் அவன் கையெழுத்தில்லாமல் எனக்கு ஒரு தகரம்கூடக் கிடைக்காது. பெயரை எடுக்கச் சொல்லி அனுப்பினேன். "இருந்துட்டுப் போகட்டும். எரிஞ்சா எனக்கும் பாதி வருமில்ல" என்று பதில் வந்தது. அன்று சுட்ட அப்பமெல்லாம் என் வயிற்றைப் போலவே கருகின.

தீர்ப்புக் கடிதத்தோடு பதுளையில் இருக்கும் இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கடிதத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

"அம்மா, எங்கட படிவத்தில இதுக்கு இடமில்லை. ஒண்டில் அவர் வந்து கையெழுத்து வைக்கோணும், இல்லாட்டி அவர் செத்திருக்கோணும்."

"வீடு என்னோடது, அடுப்பு என்னோடது. ஓடிப்போனவன் கையெழுத்து எதுக்குங்க?"

"சட்டம் அப்பிடித்தான்."

"என்னாங்க சட்டம்? போன மாசமே தாலிய அறுத்தாச்சுங்க!"

அவர் முகம் இளகிவிட்டது. "ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே அம்மா. அதுக்குக் கட்டம் இருக்கு. அவற்ற கடைசி விலாசம் என்ன?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. வாயை இறுக்கிக்கொண்டு மொனராகலை விலாசத்தை மட்டும் சொன்னேன். ஒரு பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் செல்லையா புது மனைவியோடு கடை வாசலில் வந்து நின்றான். கையில் கந்தோர்க் கடிதம்: காலஞ்சென்ற செல்லையாவின் மரணச் சான்றிதழை அனுப்பவும். அதைப் பிரித்துப் படித்தவள் அந்தப் புது மனைவிதான்.

"ஏய், என்னைய சாகடிச்சிட்டியாடி? வா கந்தோருக்கு!" என்று செல்லையா கத்தினான்.

போனோம். "நீங்கள் ஆர்?" என்றார் கிளாக்கர்.

"நாந்தாங்க செத்தவன்!"

கிளாக்கர் என்னை முறைத்தார். "தாலி அறுத்தது எண்டு சொன்னீங்களே?"

"அறுத்தேன்தாங்க. ஆளு செத்தான்னு சொன்னேனா?"

உயிரோடிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தான். அதற்குள் அந்தப் பெண் திறந்திருந்த பைலை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இவ பேரோட ஒங்க பேரு இன்னும் எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு? அவ வீட்டுல இன்னும் என்ன வேல ஒங்களுக்கு? இப்பவே வெட்டச் சொல்லுங்க!"

"பாதி வரும்டி..."

"அப்ப அங்கயே போயி இருந்துக்கங்க!"

இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் காணி உறுதி போதவில்லை, நீதிபதி போட்ட முத்திரை போதவில்லை. கைவிட்டுப் போனவன் பேனாவைத் தொட்டால்தான் என் கூரை எனக்குச் சொந்தமாம்! நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இதைக் கேட்கிற உனக்கு நான் சொல்வது இதுதான்: படிவம் எழுத யார் வந்தாலும் அதில் விரலை வைத்து, "எம்பேரு எங்க?" என்று முதலில் கேள்.

வீடு திரும்பியபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்தபடி வாசலில் நின்றார்கள். கடிதத்துச் செய்தி ஹாலிஎலவுக்கும் வந்துவிட்டது. "கருமாதி எப்பக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆளு இப்பத்தான் மொனராகலை பஸ்ஸுல ஏறிப் போறான். பத்திரத்துலதான் செத்துட்டான். கருமாதிச் சோறெல்லாம் கெடையாது. அப்பம் இருக்கு, காசு குடுத்துத் தின்னுட்டுப் போங்க" என்றேன்.